எண்ணெய் வாசம் அடிக்கும் பொரி

மாப்ளே,

பொரிப் பொட்டலம் வந்துவிட்டது. மேசைமேல் இருக்கிறது. பிரித்ததுமே அந்த வாசம் வந்தது. பொரி, வறுகடலை, வெல்லம், எல்லாவற்றுக்கும் அடியில் ஹைட்ராலிக் எண்ணெய்.

இந்த ஆண்டு வராது என்று மனத்தைத் தேற்றி வைத்திருந்தேன். ஒவ்வோர் ஆண்டும் ஆயுத பூசைக்கு மறுநாள் காலை, நான் கடை ஷட்டரைப் பாதி தூக்கும்போதே தென்காசி ரோட்டில் உன் டிராக்டர் சத்தம் கேட்கும். மகாராஜபுரத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக ராஜபாளையம் வரைக்கும், ஒரு பொட்டலம் பொரி கொடுப்பதற்காக, முன்னால் லோடர் மாட்டிய டிராக்டரை உருட்டிக்கொண்டு வருகிற மனிதன் இந்த மாவட்டத்திலேயே நீ ஒருவன்தான். பஸ்ஸில் வந்தால் ஆகாதா என்று கேட்டால், "வண்டிக்கும் ஒங்களப் பாக்கணும்னு இருக்காதா மாமா" என்பாய். பொட்டலத்தைச் சீட்டுக்கு அடியில், கிரீஸ் டப்பாவுக்கும் பழைய ஹோஸ் துண்டுகளுக்கும் நடுவில் செருகி வைத்திருப்பாய். பிறகு வாசம் வராமல் என்ன செய்யும்?

"சாமிக்குப் படைக்கிறதுக்கு முன்னாடியே எடுத்து வச்சது மாமா. ஒங்க வீட்டுல யோசிக்காமச் சாப்புடலாம்." இதையும் ஒவ்வோர் ஆண்டும் சொல்வாய். எங்கள் வீட்டில் படையல் சாப்பிட மாட்டோம் என்று நான் உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நீயாகவே தெரிந்துகொண்டு, நீயாகவே ஒரு பங்கை முன்கூட்டி எடுத்து வைத்தாய். என் மனைவி பொரியை மோந்து பார்த்துவிட்டு, "இந்த மனுசன் எண்ணெயிலதான் பொரி வறுப்பாரு போல" என்று முணுமுணுப்பாள். முணுமுணுத்துக்கொண்டே தின்று தீர்ப்பாள்.

பொட்டலம் எப்படி வந்தது என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உனக்கு நான் ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன் அல்லவா? அந்த வாக்கை உடைத்துவிட்டேன். கோபப்படாமல் முழுதும் கேள்.

நாம் முதல்முதலில் பார்த்துக்கொண்டதே சண்டையில்தான். வெடித்துப்போன ஹோஸை ஒரு கையில் பாம்பைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு என் ஹோஸ் கடைக்குள் வந்தாய். சட்டை முழுக்க எண்ணெய். "இதே நீளத்துக்கு, இதே கனத்துக்கு ஒண்ணு போட்டுக் குடுங்க பாய், சீக்கிரம்" என்றாய். ஹோஸ் ஏன் வெடித்தது என்று பார்க்காமல் புதிதாகப் போட்டால் இதுவும் வெடிக்கும் என்றேன். ஒங்க வேலையப் பாருங்க என்றாய். என் வேலையே அதுதான் என்றேன். கடைசியில் நான் உன்னோடு வந்து பார்த்தபோது, அந்த ஹோஸ் லோடர் கையில் ஒவ்வொரு முறையும் உரசி உரசித் தேய்ந்திருந்தது தெரிந்தது. புது ஹோஸை உரசாதபடி திருப்பிக் கட்டிவிட்டு நிமிர்ந்தபோது நீ என்னை 'மாமா' ஆக்கியிருந்தாய். யாரிடமும் கேட்காமல் உறவு வைத்துக்கொள்வது உன் வழக்கம். நானும் மாப்ளே என்று சொல்லிவிட்டேன். உன் மனைவி எனக்குத் தங்கச்சி ஆனாள். பிறகு பிறந்த உன் மகள் பேசத் தொடங்கியதும் என்னை மாமா என்றாள். எனக்கு அவள் மருமகள்.

வேலையில் நம் இருவருக்கும் ஒத்துப் போனதே கிடையாது. எனக்கு மீட்டர் வேண்டும். அழுத்தம் எவ்வளவு என்று முள் காட்டினால்தான் நம்புவேன். உனக்குக் காது போதும். இஞ்சினை ஓட விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, பம்ப் பக்கம் தலையைச் சாய்ப்பாய். "மாமா, பம்பு அழுவுது" என்பாய். "பம்பு முனகுது" என்பாய். ஒருமுறை "பம்பு ஏப்பம் விடுது" என்று சொன்னாய். நான் மீட்டரை மாட்டிக் கொண்டிருப்பேன். பாதி நேரம் நீ சொன்னது சரியாக இருக்கும். மீதி நேரம் படு தப்பாக இருக்கும். சரியாக இருந்த பாதியை மட்டும் மகாராஜபுரம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாய்.

லோடரின் மண் அள்ளும் பக்கெட் தானாகக் கீழே இறங்குகிறது என்று ஒரு மழைக்காலத்தில் கூப்பிட்டாயே, நினைவிருக்கிறதா? தூக்கி நிறுத்தினால் நிற்காமல் மெல்ல மெல்லத் தரைக்கு வந்துவிடும். சிலிண்டருக்குள் எண்ணெயைத் தடுக்கிற ரப்பர் சீல் போய்விட்டது என்றேன் நான். வால்வுதான் என்றாய் நீ. இஞ்சின் நின்ற பிறகு காதால் கேட்க ஒன்றுமில்லை, இருந்தும் வால்வுதான் என்று சாதித்தாய். லோடர் கையைத் தூக்கி அடியில் கட்டையால் முட்டுக் கொடுத்தோம். சிலிண்டரின் அடிப்பக்க வழியை அடைத்தோம், மேல்பக்க வழியைத் திறந்து விட்டோம். பிறகு முட்டுக்கட்டையை எடுத்தோம். மேல் வழியாக எண்ணெய் கசிந்தால் என் கட்சி, கசியாமல் கை நின்றால் உன் கட்சி. இருவரும் அந்தத் துளையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு சொட்டுகூட வரவில்லை. நீ எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு களத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தாய் பார், தேர்தலில் ஜெயித்தவன் தோற்றான்.

ஆனால் ஒரு விஷயத்தில் உன்னிடம் விளையாட்டே கிடையாது. சோதனைக்குத் தூக்கிய அந்த ஒருநாளைத் தவிர, பக்கெட் மேலே தூக்கியிருக்கும்போது நீ சீட்டை விட்டு இறங்கியதே இல்லை. தரையில் இறக்கி வைப்பாய். இஞ்சினை நிறுத்துவாய். ஹோஸில் மிச்சமிருக்கும் அழுத்தம் போவதற்காக லிவரை முன்னும் பின்னும் ஆட்டுவாய். அப்புறம்தான் உன் கால் தரைக்கு வரும். "மொதல்ல பக்கெட்டு தரையத் தொடணும். பொறவுதான் நாம." அவசரம், யாரோ கூப்பிடுகிறார்கள், சோறு ஆறிப்போகிறது, எதுவாக இருந்தாலும் இந்த முறை மாறாது. முட்டில்லாமல் தூக்கிய பக்கெட்டுக்கு அடியில் நான் ஒருமுறை தலையை நீட்டியதற்கு என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, "ஏலே, சாகணுமா ஒமக்கு?" என்று கத்தினாய். அன்று ஒருநாள்தான் என்னை ஏலே என்றாய்.

இப்போது அந்த வாக்கு விஷயத்துக்கு வருகிறேன்.

ஓர் ஆண்டு ஆயுத பூசைக்கு முன்புதான் தூக்குகிற சிலிண்டருக்குப் புதுச் சீல் போட்டுக் கொடுத்திருந்தேன். பூசை முடிந்து ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் தூள் அள்ளுகிற வேலைக்குப் போனாய். சில நாள்களில் போன் வந்தது. சிலிண்டருக்குள் போய் வருகிற ராடில் எண்ணெய் ஒழுகுகிறதாம். "டூப்ளிகேட் சீலப் போட்டு என்னை ஏமாத்திட்டீரு" என்றாய். என் கடையில் டூப்ளிகேட்டா? எனக்குக் காது மந்தம் என்றாலும் அந்தச் சொல் நன்றாகக் கேட்டது. "வேற கடையப் பாரும்" என்று போனை வைத்துவிட்டேன். ஒரு வாரம் பேசவில்லை. வீட்டில் என் மனைவி, "அந்த மனுசன் சத்தம் இல்லாமக் கடையே நல்லா இல்லைனு கடைப் பையன் சொல்றான்" என்றாள். பையன் அப்படிச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

கடைசியில் பஸ் ஏறி நானே ஆலங்குளம் வந்தேன். உன்னோடு ஒரு வார்த்தை பேசாமல் சிலிண்டரின் தலையைக் கழற்றினேன். ராடு உள்ளே போகிற வாயில், தூசியைத் துடைத்துத் தள்ளுவதற்கென்று ஒரு ரப்பர் வளையம் இருக்குமே, அது பிய்ந்து கிடந்தது. அதன் ஓரத்தில் மஞ்சளும் சாம்பலுமாக ஏதோ கல்லாக இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தேன். சந்தனம்!

நிமிர்ந்து உன்னைப் பார்த்தேன். நீ வானத்தைப் பார்த்தாய்.

வண்டியிலேயே பளபளவென்று இருப்பது அந்த ராடுதான். அழகாக இருக்கிறதே என்று ஆசை ஆசையாக அதன்மேல் சந்தனத்தைக் குழைத்துப் பெரிய பொட்டாக வைத்து, நடுவில் குங்குமமும் வைத்திருக்கிறாய். அது காய்ந்து, அதன்மேல் சுண்ணாம்புத் தூள் படிந்து, சிமெண்டு போல் ஆகி, ராடு உள்ளே போகும்போதெல்லாம் வளையத்தை அறுத்திருக்கிறது. ராடிலும் கீறல். என் சீலைக் குறை சொன்ன வாயால் நீ என்ன சொல்லப் போகிறாய் என்று காத்திருந்தேன்.

"மாமா, இன்னிக்கு அய்யனார் கோவில் அருவிக்குக் குளிக்கப் போவமா?" என்றாய்.

அருவியில் சுண்ணாம்புத் தூளெல்லாம் கழுவிக்கொண்டு ஒரு பாறையில் உட்கார்ந்தோம். அங்கே வைத்துத்தான் என்னிடம் வாக்கு வாங்கினாய். "ஊரே வண்டிக்கு நோவுன்னா எங்கிட்ட வந்து கேக்கான். இது வெளிய தெரிஞ்சா ஒருத்தன் மதிக்க மாட்டான் மாமா. என் வீட்டுல மட்டும் தெரிஞ்சுச்சோ, ஒங்க தங்கச்சி என்னைய ஆயுசு முழுக்கக் கேலி பண்ணிட்டே இருப்பா. யாருட்டயும் சொல்லிராதிய." ஈரத் தலையோடு நீ கெஞ்சியபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சொல்ல மாட்டேன் என்று உன் தலையில் கை வைத்துச் சொன்னேன்.

அடுத்த ஆண்டு பூசைக்கு உன் வீட்டுக்கு வந்தபோது பார்க்கிறேன், இஞ்சின் மூடி, விளக்கு, டயர், பக்கெட், எல்லாவற்றுக்கும் பொட்டு. ராடுக்கு மட்டும் இல்லை. அதன் முன் சந்தன விரலைக் காட்டிவிட்டு ஒரு கும்பிடு போட்டாய். ஏன் என்று உன் மகள் கேட்டாள். கூச்சமே இல்லாமல், "அது அய்யனார் உத்தரவு தாயி. ராடுக்குப் பொட்டு வச்சாச் சாமி குத்தம்" என்றாய். தங்கச்சி பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் உன் பக்கம் திரும்பாமல் தென்னை மரத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். அன்று முதல் உன் வீட்டில் அது சாமி சொன்ன சட்டம்.

அதோடு உனக்குத் தூசிப் பைத்தியமும் பிடித்தது. எண்ணெய் ஊற்றும் புனலை வெள்ளைத் துணியில் சுற்றி வைத்தாய். டேங்க் மூடியைத் திறக்குமுன் சுற்றிலும் துடைத்தாய். "எண்ணெக்குள்ள ஒரு மண்ணு போனா எங் கண்ணுக்குள்ள போன மாதிரி" என்று மகளிடம் நாள் தவறாமல் சொன்னாய். அவளும் அதைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தாள். டிராக்டர் ஓட்டப் பழகினாள். லோடரும் பழகினாள். அது எங்கே போய் முடிந்தது என்று கேள்.

நீ போன அன்றைக்குச் செய்தி கேட்டு நான் வந்தபோது, உன்னை வீட்டுக்குக் கொண்டு போயிருந்தார்கள். நான் முதலில் களத்துக்குத்தான் போனேன். ஏன் என்று தெரியவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு டயரில் சாய்ந்து உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பக்கெட் தரையில் இருந்தது. இஞ்சின் நின்றிருந்தது. நான் சீட்டில் ஏறி லிவரை ஆட்டிப் பார்த்தேன். லொடலொடவென்று ஆடியது, ஹோஸில் அழுத்தம் மிச்சமில்லை. அத்தனை வலியிலும் எல்லாவற்றையும் முறைப்படி செய்துவிட்டுத்தான் இறங்கியிருக்கிறாய். அங்கேயே உட்கார்ந்து அழுதேன் மாப்ளே.

பிறகு வண்டியை விற்றுவிடலாம் என்ற பேச்சு வந்தது. உன் அண்ணன் கெட்டவர் இல்லை. "பொம்பளப் புள்ள தனியா ஓட்டிப் பிழைக்கிற வண்டியா இது? ஏதாவது ஒண்ணுன்னா செத்துப்போன எந் தம்பி வந்து என்னையத்தான் கேப்பான்" என்றார். உன் மகள் ஒரு தவணை கேட்டாள். கோடையில் கண்மாயில் வண்டல் அள்ளிக் கொடுக்கிற வேலை வந்திருந்தது. அதை மழைக்கு முன்னால் முடித்துக் காட்டுகிறேன், முடியவில்லை என்றால் நீங்கள் சொல்கிறபடி விற்றுவிடலாம் என்று பெரியப்பாவிடம் ஒப்புக்கொண்டாள். உன் டிராக்டர் உன் வீட்டில் இருப்பதும் போவதும் அந்த ஒரு வேலையில் நின்றது.

வேலை தொடங்கி இரண்டாம் நாளே எனக்குப் போன். "மாமா, லோடரு செத்த நேரம் நல்லா தூக்குது. பொறவு திணறுது. பம்பு அழுவுது மாமா." நீ சொல்கிற அதே சொல்.

போனேன். டிராக்டர் கம்பெனிக்காரர் ஒருவர் ஏற்கெனவே பார்த்துவிட்டு, பம்ப் போய்விட்டது, வெளியூரிலிருந்துதான் வர வேண்டும் என்று சொல்லிப் போயிருந்தார். பம்ப் வருவதற்குள் மழை வந்துவிடும். உன் அண்ணன் வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். கண்மாய்க் கரையில் டிரெய்லர்கள் வரிசையாகக் காத்திருந்தன.

வண்டியைச் சுற்றி வந்தேன். லோடருக்கான எண்ணெய் டேங்கின் மேல் உன் சிவப்புத் துண்டு கட்டியிருந்தது. எப்போதும் உன் தலையில் இருக்குமே, அந்தத் துண்டு. அப்பா நினைவுக்காகக் கட்டியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். சட்டென்று அந்தப் பக்கமே பார்க்காமல் திரும்பிக்கொண்டேன்.

டேங்கின் மறு ஓரத்தில் இருந்த எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து அளவு பார்த்தேன், சரியாக இருந்தது. ஆனால் மோர் போல் நுரைத்திருந்தது. எங்கேயோ பம்புக்கு எண்ணெய் சரியாகப் போகவில்லை, காற்று சேர்கிறது. ஃபில்டரை மாற்றினேன். மூடியை மூடி ஓட்டச் சொன்னேன். ஆகா, பக்கெட் சர்ரென்று தூக்கியது! டிரெய்லர் ஒன்று நிறைந்து போனது. நான் டீ கேட்டேன். டீ வருவதற்குள் பம்ப் மறுபடியும் அழத் தொடங்கியது, லோடர் கை நடுங்கி நடுங்கி ஏறியது.

டேங்கிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸில் காற்று இழுக்கிறதோ என்று கிளிப்புகளை முறுக்கினேன், மூட்டுகளில் கிரீஸ் அப்பினேன். மறுபடி மூடியைத் திறந்து எண்ணெய் பார்த்து மூடினேன். நன்றாகத் தூக்கியது. கொஞ்ச நேரத்தில் திணறியது. மீட்டரை மாட்டினேன். முள் ஏற வேண்டிய இடத்துக்கு ஏறாமல் பாதியிலேயே துடித்துக்கொண்டிருந்தது. மீட்டர் பொய் சொல்லாது, ஆனால் காரணமும் சொல்லாது. எத்தனையோ ஆண்டுகள் உன்னிடம் பீற்றிக்கொண்ட மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு, பம்ப்தான் போய்விட்டது போல என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் அன்றே வண்டி கைமாறியிருக்கும். உன் அண்ணன் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உன்மேல் கோபம் கோபமாக வந்தது. இந்த நேரத்தில் இல்லாமல் போனாயே என்று மனத்துக்குள் உன்னைத் திட்டினேன்.

"மாமா, ஒண்ணு சொல்லட்டா?" என்றாள் உன் மகள். சீட்டில் உட்கார்ந்தபடி கண்ணை மூடியிருந்தாள், நீ மூடுவது போலவே. "நீங்க மூடியத் தெறக்கப்பல்லாம் புஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருது. வெளிய வார காத்து மாதிரி இல்ல. உள்ள போற காத்து மாதிரி இருக்கு. அந்தச் சத்தம் வந்த பொறவுதான் வண்டி நல்லா ஓடுது."

எனக்குக் கேட்கவே இல்லை. ஹோஸுக்கு மூட்டு அடிக்கிற மிஷின் பக்கத்திலேயே நின்று நின்று மந்தமாகிப் போன காது. ஆனால் அவள் சொன்னதும் புரிந்துவிட்டது. ஃபில்டரும் இல்லை, கிளிப்பும் இல்லை. ஒவ்வொரு முறையும் நான் மூடியைத் திறந்ததுதான் வைத்தியம். பக்கெட் தூக்கும்போது டேங்கில் எண்ணெய் குறையும். குறைந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்கென்று டேங்கின் மேல் சின்னதாக ஒரு மூச்சுக்குழல் மூடி உண்டு. அது அடைத்துக்கொண்டால் பம்ப் எவ்வளவு இழுத்தாலும் எண்ணெய் வராது.

அந்த மூச்சு மூடி எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியும். உன் துண்டுக்கு அடியில்.

நான் பார்க்காமல் திரும்பிக்கொண்ட ஒரே இடம் அதுதான். என் கையால் முடிச்சை அவிழ்த்தேன். நன்றாக இறுக்கிக் கட்டியிருந்தாள். துண்டுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கவர். அந்தக் கவர் மூடியின் துளைகளுக்குள் உறிஞ்சப்பட்டு, ஒவ்வொரு துளையும் அச்சாகப் பதிந்திருந்தது. கவரை உரித்ததும் அவளுக்கு மட்டுமல்ல, எனக்கே கேட்டது அந்தச் சத்தம்.

"நாந்தான் மாமா கட்டுனேன்" என்றாள். இறங்கி வந்து நின்றவளுக்கு முகமெல்லாம் வெளுத்துவிட்டது. "வண்டல்ல ஒரே புழுதி. அந்த ஓட்டை வழியா எண்ணெக்குள்ள மண்ணு போயிரும்னு. அப்பாவுக்குப் புடிக்காதேன்னுதான் அவிய துண்ட வச்சே... அய்யோ, அப்பா வண்டிய நானே கொல்லப் பாத்தேனே!" அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதாள். நீ போன அன்றுகூட அவள் இப்படி அழவில்லை. அம்மாவைப் பார்ப்பதிலும் வந்தவர்களைக் கவனிப்பதிலும் அவளுக்கு அழ நேரமே கிடைக்கவில்லை.

என்ன சொல்லித் தேற்றுவது? பரவாயில்லை என்றேன். பம்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்றேன். எதுவும் அவள் காதில் ஏறவில்லை. இனிமேல் இந்த வண்டியைத் தொடவே மாட்டேன், பெரியப்பா சொல்கிறபடி விற்றுவிடுங்கள் என்று விம்மினாள். எண்ணெய்க்கு மூச்சு வந்துவிட்டது, ஓட்டுகிறவளுக்குப் போய்விட்டது. எனக்கு வேறு வழி தெரியவில்லை மாப்ளே. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "மருமகளே, ராடுக்கு ஏன் பொட்டு வைக்கக் கூடாது தெரியுமா?" என்று கேட்டேன்.

"அய்யனார் உத்தரவு" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"அய்யனாரும் இல்லை, ஒருத்தரும் இல்லை. ஒங்கப்பன் உத்தரவு" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சந்தனம், சுண்ணாம்பு, கீறல், டூப்ளிகேட் சீல் என்று நீ கத்தியது, வானத்தைப் பார்த்தது, குளிக்கப் போவமா என்று கேட்டது, பாறையில் உட்கார்ந்து கெஞ்சியது, ஒன்றையும் விடவில்லை. நீ வானத்தைப் பார்த்த விதத்தை நடித்தும் காட்டினேன். முதலில் நம்பாமல் என்னைப் பார்த்தாள். பிறகு அவளுக்கு வாயோரம் துடித்தது. கண்ணீரும் சளியுமாக அவள் சிரித்த சிரிப்பில் டிரெய்லர்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "எங்கம்மா வருசா வருசம் கன்னத்துல போட்டுக்கிடுதாங்க மாமா!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். வேப்ப மரத்தடியில் நின்ற உன் அண்ணன் என்ன நடக்கிறது என்று தெரியாமல் பக்கத்தில் வந்தார். "ஒண்ணுமில்ல பெரியப்பா, வண்டி சரியாயிருச்சு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சீட்டில் ஏறினாள்.

அன்று பொழுது சாயும் வரை நான் கரையிலேயே உட்கார்ந்திருந்தேன். பம்ப் ஒருமுறைகூட அழவில்லை. எண்ணெயின் நுரை அடங்கியது. முள் ஏற வேண்டிய இடத்துக்கு ஏறி நின்றது. உன் அண்ணனும் போகாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது, "அவன மாதிரியேதான் கண்ண மூடுதா" என்று மட்டும் சொன்னார். மழை வருவதற்கு முன் கண்மாய் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு விற்கும் பேச்சை அவர் எடுக்கவில்லை.

துண்டை நான் திருப்பிக் கொடுத்தேன். "நீங்க வச்சுக்கோங்க மாமா. எங்கிட்ட இருந்தா மறுபடி எதையாவது மூடிருவேன்" என்றாள். இப்போது கடையில், மீட்டர் மாட்டுகிற ஆணிக்கு அடுத்த ஆணியில் தொங்குகிறது. என் மனைவி சோப்புப் போட்டுத் துவைத்துப் பார்த்தாள், வாசம் போகவில்லை. இனித் துவைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கடைக்கு லோடர் வண்டி ஏதாவது வந்தால், ஓட்டுகிறவர் என்ன கோளாறு என்று சொல்லத் தொடங்குமுன் எட்டிப் பார்த்து, "பக்கெட்டத் தரையில வச்சாச்சா?" என்று கேட்கிறேன். பேச்சு அதற்குப் பிறகுதான். எனக்கே தெரியாமல் உன் குரலில் கேட்கிறேன் போல, பழைய ஆட்கள் ஒரு நிமிஷம் திகைத்துப் பார்க்கிறார்கள்.

இன்று காலை நடந்ததற்கு வருகிறேன். ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தேன். தென்காசி ரோட்டில் சத்தம் கேட்டது. அத்தனை தூரத்திலிருந்து என் காதுக்கே கேட்கிற சத்தம் அது ஒன்றுதான். திரும்பாமல் கொஞ்ச நேரம் ஷட்டரைப் பிடித்துக்கொண்டே நின்றேன். உன் மகள் வண்டியை ஓரம் கட்டினாள். பக்கெட்டை இறக்கித் தரையில் வைத்தாள். இஞ்சினை நிறுத்தி லிவரை முன்னும் பின்னும் ஆட்டினாள். பிறகுதான் இறங்கினாள். இஞ்சின் மூடி, விளக்கு, டயர், பக்கெட், எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு. டேங்கின் மேல் மூச்சு மூடி சுத்தமாகத் துடைத்துத் திறந்திருந்தது.

"ராடுக்கு மட்டும் வைக்கலியா மருமகளே?" என்று வேண்டுமென்றே கேட்டேன்.

அவள் சிரிக்கவே இல்லை. வானத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அய்யனார் உத்தரவு மாமா" என்றாள். அச்சு அசலாக நீதான். தங்கச்சி இன்னும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறாளாம். அம்மாவிடம் சொல்லப் போவதில்லை என்று மருமகள் சொல்லிவிட்டாள். ஆகவே உன் மானம் பத்திரமாகத்தான் இருக்கிறது. காவலுக்கு இப்போது இரண்டு பேர்.

சீட்டுக்கு அடியில் கையை விட்டுப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். "படைக்கிறதுக்கு முன்னாடியே எடுத்து வச்சுட்டேன்" என்றாள். அதை நான் அவளிடமும் சொன்னதில்லை.

சாப்பாட்டுப் பாத்திரத்தோடு கடைக்கு வந்த என் மனைவி மேசைமேல் இருந்த பொரியைப் பார்த்தாள். ஒரு கை அள்ளி மோந்தாள். முணுமுணுப்பாள் என்று காத்திருந்தேன்.

"அதே வாசம்ங்க" என்றாள். பிறகு முந்தானையில் கொஞ்சம் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போனாள்.

மிச்சத்தை நான் தின்றுகொண்டிருக்கிறேன் மாப்ளே.